வீடு சின்னது, லிஸ்ட் பெருசு

இந்த எபிசோடை வீட்டு ஹாலில் உட்கார்ந்துதான் பதிவு பண்றேன். பக்கத்துல துணி ஸ்டாண்டு இருக்கு. ஃபேன் போட்டா மைக்ல சத்தம் வரும், அதனால ஆஃப் பண்ணிட்டேன். குரோம்பேட்டையில் ஒரு பெட்ரூம் வீடு எங்களுடையது. இதுதான் ஹால், இதுதான் சாப்பிடுற இடம், மழைக்காலத்துல இதுதான் மொட்டைமாடி.

இன்னைக்கு பேசப்போறது வீட்டு வேலை பத்தி. ஆனா "ஆண்களும் பாத்திரம் கழுவணும்" என்கிற எபிசோடு இல்லை இது. நான் பாத்திரம் கழுவுறவன்தான். பிரச்சினையே அங்கதான் ஆரம்பிச்சது.

சில மாசம் முன்னாடி என் மனைவிக்கு ஆபீஸில் ஒரு வாய்ப்பு வந்தது. டீம் லீட் பொறுப்பு. மாசத்துக்கு ஒரு தடவை மூணு நாள் கோயம்புத்தூர் போகணும். அவ உடனே சரின்னு சொல்லலை. "ரெண்டு நாள் டைம் கேட்டிருக்கேன்"னா. எனக்குப் புரியலை. "போயேன், நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்?" என்று கேட்டேன்.

"நீ வேணாம்னு சொல்ல மாட்டே, தெரியும். மூணு நாள் வீடு என்ன ஆகும்னுதான் யோசிக்கிறேன்."

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. பெருக்குறேன், துணி காயப்போடுறேன், குப்பையை ஈரம், உலர்ன்னு பிரிச்சு கொடுக்கிறேன். போன தடவை அம்மா வந்தப்போ, "என் பையன் பாத்திரமெல்லாம் தேய்க்கிறான்"னு ஊருக்கே போன் போட்டுச் சொன்னாங்க. இவ தேய்ச்சதை யாரும் யாருக்கும் போன் பண்ணிச் சொன்னதில்லை. அது எனக்கு அப்போ தோணவே இல்லை.

சின்ன வீட்டில் வேலை குறையுமா?

குறையும்னுதான் நானும் நினைச்சேன். பெருக்க பத்து நிமிஷம், துடைக்க பத்து நிமிஷம், முடிஞ்சது. உண்மைதான், தரை குறைவு. ஆனால் தரையோடு சேர்ந்து அலமாரியும் குறைவு. அதைத்தான் நாம் கணக்கில் எடுப்பதில்லை.

எங்க ஊர் வீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை வாங்கிப் போட்டா, மாசம் முழுக்க அரிசியைப் பத்தி யாரும் யோசிக்க வேண்டாம். இங்கே மூட்டை வைக்க இடமில்லை, அஞ்சு கிலோதான் வாங்குறோம். அப்போ மாசத்துக்கு மூணு நாலு தடவை யாராவது ஒருத்தர் டப்பாவைத் திறந்து பார்க்கணும். சிலிண்டரும் ஒண்ணுதான், இன்னொண்ணு வைக்க இடம் கிடையாது. அதனால் தீர்ந்த பிறகு புக் பண்ண முடியாது. தீரப்போகுதுன்னு முன்னாடியே தெரியணும். தண்ணி கேனும் அப்படித்தான்.

அதாவது இடம் குறையக் குறைய, ஞாபகம் வைக்க வேண்டியது கூடுகிறது. பெரிய வீட்டில் ஸ்டோர் ரூம் செய்யும் வேலையைச் சின்ன வீட்டில் ஒருவருடைய தலை செய்கிறது. எங்க வீட்டில் அது யாருடைய தலை என்பதுதான் கேள்வி.

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே"

இது என்னோட ஃபேவரிட் டயலாக். உங்களோடதும் இருக்கலாம். 2017ல் எம்மா என்கிற பிரெஞ்சு கார்ட்டூனிஸ்ட் இதையே தலைப்பாக வைத்து ஒரு சித்திரக் கதை வெளியிட்டார். "கேட்டிருக்கலாமே" என்று அர்த்தம் வரும் தலைப்பு. பல நாடுகளில் பரவலாகப் பகிரப்பட்டது. அது சொல்ற விஷயம் எளிமையானது. ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் செய்தால், சொல்றவர் மேனேஜர் ஆயிடுறார். மேனேஜர் வேலையும் வேலைதான். வீட்டில் அதுக்கு மேல கை வேலையும் அவங்க தலையிலேயே விழுது.

இதை ஆராய்ச்சியாகவும் செய்திருக்கிறார்கள். அமெரிக்க சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி, 2019ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வீட்டைப் பற்றி யோசிக்கும் வேலையை அதில் நாலாகப் பிரிக்கிறார்: என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, அது நடந்ததா என்று கவனிப்பது. முடிவெடுப்பதில் கணவன், மனைவி இருவரும் ஓரளவு சேர்ந்தே இருந்தார்கள். முதலாவதும் நாலாவதும்தான் பெரும்பாலும் பெண்கள் பக்கம் விழுந்தன.

நம்ம வீட்டுக்கு வருவோம். இட்லி மாவு. என் கணக்கில் அது முக்கால் மணி நேர வேலை. கிரைண்டரைப் போட்டோமா, வழிச்சோமா, கழுவினோமா, அவ்வளவுதான். அதை நான் பல தடவை செய்திருக்கேன்.

ஆனால் திங்கட்கிழமை காலையில் இட்லி வேணும்னா, ஞாயிறு ராத்திரி முழுக்க மாவு புளிக்கணும். அப்போ ஞாயிறு சாயங்காலமே அரைக்கணும். அதுக்கு நாலஞ்சு மணி நேரம் முன்னாடி, மதியமே ஊறப்போடணும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்து இருக்கான்னு சனிக்கிழமையே பார்க்கணும். ஃப்ரிட்ஜில் பாத்திரம் வைக்க இடம் பண்ணணும், அதுக்குப் பழைய குழம்பு காலியாகணும். இந்தச் சங்கிலியில் நான் செஞ்சது நடுவில் ஒரு கண்ணி மட்டும். மீதியெல்லாம் தானா நடக்குதுன்னு நினைச்சிட்டிருந்தேன்.

ஒரே ரயில், ரெண்டு பெட்டி

காலையில் ரெண்டு பேரும் ஒரே மின்சார ரயிலில்தான் போவோம். அவ லேடீஸ் பெட்டியில், நான் ஜெனரலில். நான் கிண்டியில் இறங்கிடுவேன். அவ நுங்கம்பாக்கம் வரைக்கும் போகணும். எனக்குப் பல்லாவரம் தாண்டும்போது ஹெட்செட் போட்டா, கிண்டி வரைக்கும் பாட்டு இல்லைன்னா பாட்காஸ்ட். அது என் நேரம்.

ஒரு நாள் அவகிட்ட சும்மா கேட்டேன், "ரயில்ல நீ என்ன பண்ணுவே?"

காய்கறி ஆர்டர், பிளம்பருக்கு போன், என் அத்தை பையன் கல்யாணத்துக்கு என்ன கொடுக்கிறதுன்னு யோசனை, ஈ.பி. பில் கடைசித் தேதி எப்போன்னு பார்க்கிறது. கவனிங்க, என் அத்தை பையன்.

2019ல் இந்தியாவில் தேசிய அளவில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கேட்டார்கள். பெண்களில் 81.2 சதவீதம் பேர் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்திருந்தார்கள். ஆண்களில் 26.1 சதவீதம். அப்படிச் செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள், ஆண்கள் 97 நிமிடங்கள்.

அந்த 97ஐக் கேட்டதும், "நான் அதைவிட அதிகம் செய்றேனே"ன்னு எனக்குப் பெருமையா இருந்தது. அப்புறம்தான் யோசிச்சேன். என் மனைவிகிட்ட அந்த ரயில் நேரத்துக்குக் கணக்கு கேட்டா, "ரயில்ல வந்தேன்"னுதான் சொல்லுவா. வீட்டு வேலைன்னு சொல்ல அவளுக்கே தோணாது.

மூணு நாள்

அவ சரின்னு சொன்னா. நான் கெஞ்சினதால இல்லை. "போறேன், ஆனா நீ போன் பண்ணிக் கேட்கக் கூடாது" என்று ஒரே ஒரு கண்டிஷன் போட்டா.

முதல் நாளே நாலு தடவை கூப்பிட்டேன். மோட்டார் எத்தனை மணிக்குப் போடணும்? துணி பவுடர் எங்கே? பால்காரருக்கு எவ்வளவு பாக்கி? நாலாவது தடவை அவ மீட்டிங்கில் இருந்தா. ராத்திரி போன் பண்ணி, கோபமே இல்லாமல் சொன்னா: "நான் கோயம்புத்தூர் வந்துட்டேன். என் தலையை மட்டும் அங்கேயே விட்டுட்டு வரச் சொல்றியா?"

ரெண்டாவது நாள் காலையில் கேஸ் தீர்ந்தது. கனெக்ஷன் என் பேரில்தான் இருக்கு. ஆனா அதுவரைக்கும் நான் ஒரு தடவைகூட புக் பண்ணினதில்லை. அன்னைக்கு அவளைக் கூப்பிடலை. ஹோட்டலில் சாப்பிட்டேன், புக் பண்ணக் கத்துக்கிட்டேன்.

என்ன மாத்தினோம்?

அவ திரும்பி வந்ததும் ஒரு பேப்பரில் எழுதினோம். யார் எந்த வேலையைச் செய்றாங்கன்னு இல்லை. யார் எந்த வேலையை ஞாபகம் வெச்சிருக்காங்கன்னு. இருபத்தேழு வந்தது. என் பக்கம் நாலு. அதில் ஒண்ணு வைஃபை ரீசார்ஜ்.

அப்புறம் வேலையைப் பிரிக்காமல், பொறுப்பை முழுசாப் பிரிச்சோம். கேஸ், தண்ணி, மாவு, ஈ.பி., என் சொந்தக்காரங்க விசேஷம் எல்லாம் என்கிட்ட வந்தது. முழுசான்னா, தீரப்போகுதுன்னு கவனிக்கிறதில் ஆரம்பிச்சு முடியுற வரைக்கும். நான் மறந்தா மறந்ததுதான், அவ ஞாபகப்படுத்த மாட்டா. அவளுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்தது. உளுந்து டப்பா காலியா இருக்கிறதைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் இருக்கணுமே.

இன்னொரு சின்ன மாற்றம்: "உதவி" என்கிற வார்த்தையை விட்டுட்டோம். நம்ம வீட்டு வேலையை நாம செய்தால் அது யாருக்கு உதவி?

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லி ஏமாத்த மாட்டேன். போன மாசம் உளுந்து வாங்க மறந்து, ஒரு வாரம் உப்புமாதான். பால்காரர் இன்னமும் பாக்கியை அவகிட்டதான் கேட்கிறார். ஆனா அவ மாசா மாசம் கோயம்புத்தூர் போயிட்டு வர்றா. போன தடவை மூணு நாளில் ஒரே ஒரு போன்தான் பண்ணினேன், அதுவும் சாப்பிட்டியான்னு கேட்க. காலை ரயிலில் இப்போ நான் மளிகை லிஸ்ட் போடுறேன், அவ ஹெட்செட் போட்டுக்கிறா.

உங்களுக்கு இந்த வாரம் ஒரு ஹோம்வொர்க். ரூம்மேட்ஸோட இருந்தாலும் சரி, அம்மா அப்பாவோட இருந்தாலும் சரி, ஒரு பேப்பர் எடுங்க. வீட்டில் எது தீரப்போகுதுன்னு யாருக்கு முதலில் தெரியுதுன்னு எழுதுங்க. ஒரே பேர் திரும்பத் திரும்ப வந்தால், அதில் அஞ்சை இந்த வாரமே வாங்கிக்கோங்க. அவங்க சொல்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

சரி, மணி பன்னிரண்டு ஆகப்போகுது. நான் போய் அரிசி ஊறப்போடணும். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.