புராஸ்டேட் லேசர் அறுவைக்குப் பின் உடல் தேறுதல்

வயதால் பெருத்த புராஸ்டேட் சுரப்பியின் உட்பகுதியை லேசர் ஒளியால் நீக்கிய பின், அந்த இடத்தில் புதிய சவ்வு படர்ந்து, சிறுநீர்ப்பையும் அதன் சுருக்குத் தசையும் இயல்பான வேலைக்குத் திரும்பும் காலமே இங்குத் தேறுதல் காலம் எனப்படுகிறது. இது பொதுவாக 6 முதல் 12 வாரங்கள். மருத்துவமனையில் கழிவது இதில் ஓரிரு நாள்கள்தான். மீதி முழுவதும் வீட்டில் நடக்கிறது. சிறுநீர் தடையில்லாமல் வருவது முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். உள்ளே இருக்கும் புண் ஆறுவதற்கோ ஏறத்தாழ 6 வாரம் ஆகும். வீடு திரும்பியவர்களுக்கு வரும் தொல்லைகளில் பல, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் வருபவை.

சுரப்பியும் அடைப்பும்

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பையின் அடிவாயில், சிறுநீர்ப் புறவழியைச் சுற்றி மோதிரம்போல் அமைந்துள்ளது. இளம் வயதில் இதன் எடை சுமார் 20 கிராம். 40 வயதுக்குப் பின் இதன் உட்பகுதி மெல்ல வளரத் தொடங்குகிறது. 50களில் உள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், 80ஐத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் இவ்வளர்ச்சி காணப்படும். இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் உள்ளே செல்லும் குழாயை நெருக்குவதால் சிறுநீர் மெலிந்து வரும், விட்டுவிட்டு வரும், இரவில் நான்கைந்து முறை எழ வைக்கும்.

டாம்சுலோசின், ஃபினாஸ்டெரைடு போன்ற மாத்திரைகளால் பலருக்குப் பல ஆண்டுகள் சமாளிக்க முடிகிறது. மாத்திரைக்குப் பிடிபடாதபோதும், சிறுநீர் அடியோடு நின்றுபோனாலும், அடிக்கடி கிருமித் தொற்று, சிறுநீர்ப்பையில் கல், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை வந்தாலும் அறுவை தேவைப்படுகிறது.

தேறுதலைப் பற்றிப் பேசும்போது மறக்கக்கூடாத ஒன்று, அடைப்பு எத்தனை ஆண்டு இருந்தது என்பது. நம் ஊர்ப் பக்கம் ஆண்கள் இதை மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். அத்தனை காலமும் சிறுநீர்ப்பை அடைப்பை எதிர்த்து முக்கி முக்கித் தடித்துப்போகிறது. சிலருக்குத் தளர்ந்தும் போகிறது. அடைப்பை நீக்கிய மறுநாளே அத்தசை தன் பழக்கத்தை விட்டுவிடாது.

லேசர் முறைகள்

பெருத்த பகுதியை அதன் உறையிலிருந்து முழுதாகப் பெயர்த்தெடுக்கும் எண்ணம் புதிதன்று. இந்தியாவில் ஆங்கிலேய அரசின் மருத்துவப் பணியில் இருபது ஆண்டுகள் இருந்த அயர்லாந்து அறுவை மருத்துவர் பீட்டர் ஃபிரேயர், அடிவயிற்றைத் திறந்து அவ்வாறு எடுக்கும் முறையை 1901இல் வெளியிட்டார். பின்னர் வயிற்றைத் திறக்காமல், சிறுநீர்ப் புறவழியாகவே கருவியைச் செலுத்தி மின்கம்பியால் சீவி எடுக்கும் முறை வந்தது. இன்றும் மிகுதியாகச் செய்யப்படும் முறை அது.

1990களில் நியூசிலாந்தின் டௌரங்கா நகரில் பீட்டர் கில்லிங் தலைமையிலான மருத்துவர்கள் ஹோல்மியம் லேசரைக் கொண்டு இவ்விரண்டையும் இணைத்தனர். சாத்துக்குடியின் தோலை அப்படியே விட்டுவிட்டுச் சுளையை மட்டும் விரலால் கழற்றுவதைப்போல, சுரப்பியின் உறையை விட்டு உள்வளர்ச்சியை மட்டும் லேசரால் பிரித்துச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கே துண்டாக்கி உறிஞ்சி வெளியே எடுக்கிறார்கள். இதுவே ஹோலெப் எனப்படும் முறை. ஹோல்மியம் என்பது அணு எண் 67 கொண்ட தனிமம். ஸ்டாக்ஹோம் நகரின் இலத்தீன் பெயரிலிருந்து வந்த பெயர். இதன் ஒளி அலைநீளம் சுமார் 2.1 மைக்ரோமீட்டர். நீர் இதை உடனே உறிஞ்சிக்கொள்வதால் திசுவுக்குள் அரை மில்லிமீட்டர்கூட ஊடுருவுவதில்லை. சிறுநீரகக் கல்லை உடைக்கவும் இதே லேசரைப் பயன்படுத்துகிறார்கள். துலியம் லேசரும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்கிறது. 532 நானோமீட்டர் பச்சை லேசரோ திசுவைப் பெயர்ப்பதில்லை, ஆவியாக்குகிறது. அதில் ஆய்வுக்கு அனுப்பத் திசு மிஞ்சாது. அறுவைக்குப் பின் எரிச்சலும் சற்று நீளலாம்.

எந்த லேசரானாலும் வெளியே தையல் இல்லை, கட்டு இல்லை. நோயாளியும் வீட்டாரும் ஏமாந்துபோவது இதில்தான். வயிற்றில் ஒரு தையல் தெரிந்தால் யாரும் மூட்டை தூக்கச் சொல்லமாட்டார்கள். இங்கோ சுரப்பியின் உள்ளே, சுளை கழன்ற தோலின் உட்புறம்போல ஒரு பள்ளம் முழுவதும் பச்சைப் புண்ணாக இருக்கிறது. அதன்மீது ஒவ்வொரு முறையும் சிறுநீர் பட்டுக்கொண்டே போகிறது.

முதல் நாள்கள்

அறுவை முடிந்ததும் சிறுநீர்ப்பைக்குள் மூவழி வடிகுழாய் பொருத்துவார்கள். ஒரு வழியாக உப்பு நீர் உள்ளே போகும்; இன்னொரு வழியாகக் கழுவிய நீர் பைக்கு வரும்; மூன்றாவது, குழாய் நழுவாமல் இருக்க உள்ளே பலூனை உப்ப வைப்பதற்கு. பையில் வரும் நீர் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, தெளிந்த பின் குழாயை எடுப்பார்கள். பெரும்பாலும் இது 1 அல்லது 2 நாளில் முடியும். சிறுநீர்ப்பை தளர்ந்தவர்களுக்குச் சிறுநீர் உடனே கழியாமல், மீண்டும் சில நாள் குழாயோடு வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. அறுவை தோற்றதாக அதற்குப் பொருளில்லை.

குழாய் எடுத்த பின் முதல் சில நாள் எரிச்சல் இருக்கும். அவசரம் அதற்கும் மேல். வந்தது தெரிந்தவுடன் ஓட வேண்டும். அரை மணிக்கொரு தரம்கூட வரலாம். சேலம், நாமக்கல் பகுதிகளில் இந்த எரிச்சலை உடம்புச் சூடு என்று சொல்லி எண்ணெய்க் குளியல்வரை போவார்கள். இது சூடு அன்று. புண்ணில் சிறுநீர் படுவதால் வருவது. மோரும் இளநீரும் பார்லிக் கஞ்சியும் நீர்ச்சத்தாகப் பயன்படும், அவ்வளவே. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் இளநீரை மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும். அதில் பொட்டாசியம் மிகுதி.

மூன்றாம் வாரத்து இரத்தம்

அறுவை முடிந்து 10 நாள்முதல் 3 வாரத்துக்குள், நன்றாகத் தெளிந்திருந்த சிறுநீர் திடீரென்று மீண்டும் சிவக்கலாம். முழங்காலில் பட்ட சிராய்ப்பில் பொருக்கு கட்டி, பின் உதிர்வதைப் பார்த்திருப்போம். உள்ளே இருக்கும் புண்ணிலும் அப்படியே பொருக்கு உதிர்கிறது. இளஞ்சிவப்பாகவோ, சிறு துணுக்குகளோடோ வந்து, நிறையத் தண்ணீர் குடித்துப் படுத்து ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். முன்கூட்டியே தெரிந்தவர்கள் பயப்படுவதில்லை. தெரியாதவர்கள், நள்ளிரவில் வாடகைக் கார் பிடித்து ஈரோட்டுக்கு ஓடுகிறார்கள்.

பெரும்பாலோர் வேலைக்குத் திரும்புவதும் இந்த வாரத்தில்தான். குமாரபாளையம் விசைத்தறி ஊர். காவிரிக்கு அக்கரையில் பவானி, இக்கரையில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். தறி ஓட்டுபவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களும் உண்டு. கூலி ஓட்டிய துணிக்கு ஏற்ப வருவதால், வீட்டில் இருக்கும் வாரம் கூலி இல்லாத வாரம். சிறுநீர் நன்றாக வருகிறது, வலி இல்லை, பிறகு ஏன் உட்கார்ந்திருப்பது என்று 15ஆம் நாளே தறிக்குப் போய், பாவு சுற்றிய பீமுக்குக் கைகொடுத்துத் தூக்கினால், அடிவயிற்றில் ஏறும் அழுத்தம் பொருக்கு உதிர்ந்த இடத்தை மீண்டும் திறக்கிறது. இரத்தம் உறைந்து கட்டியாகிக் குழாயை அடைத்தால் சிறுநீர் நின்றுவிடும்.

ஆகவே 4 முதல் 6 வாரம் 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடமும் எரிவாயு உருளையும் இதில் சேரும். சைக்கிள், மொபெட், பைக் எல்லாம் அந்தக் காலம்வரை வேண்டாம். இருக்கை அழுத்தும் இடத்துக்கு நேர் மேலேதான் சுரப்பி இருக்கிறது. உட்கார்ந்து செய்யும் வேலை, கணக்கு எழுதுவது, துணி மடிப்பது போன்றவற்றுக்கு 2 வாரத்தில் திரும்பலாம். பட்டறை முதலாளியிடம் பேசி, அந்த ஒரு மாதம் தார் சுற்றுவது போன்ற இலகுவான வேலையைக் கேட்டுப் பெறுவது நடைமுறையில் பலன் தரும். மருத்துவர் எழுதிக் கொடுத்த ஓய்வுச் சீட்டு கையில் இருந்தால் பேசுவது எளிது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், எந்த முறை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டுக்கொள்ளலாம். அந்த அட்டை மருத்துவச் செலவுக்கு மட்டுமே. ஆறு வாரக் கூலியை வீடு எப்படித் தாங்கும் என்பதைத் தேதி குறிக்கும்போதே யோசித்துவிட வேண்டும்.

மலச்சிக்கலும் தூக்குவதற்குச் சமம். குந்தி உட்கார்ந்து முக்கினால் அதே அழுத்தம்தான். கீரை, வாழைப்பழம், கம்பங்கூழ், தேவைப்பட்டால் இசப்கோல். இருமல் நீடித்தாலும் காட்டிக்கொள்ள வேண்டும். மூட்டு வலிக்கென்று மருந்துக்கடையில் தாமாக வாங்கும் டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. இதயத்துக்காக இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள், நிறுத்திய மாத்திரையை எந்த நாளில் மீண்டும் தொடங்குவது என்பதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தாமாகத் தொடங்குவதும் தவறு, பயந்து தொடங்காமலே விடுவதும் தவறு.

தண்ணீரும் கசிவும்

அறுவைக்குப் பின் இருமினால், எழுந்தால், சிரித்தால் சில சொட்டு வேட்டியில் படுவது பலருக்கும் நேரும். சுரப்பி இத்தனை ஆண்டு அடைத்துக்கொண்டிருந்ததால், அதற்குக் கீழே உள்ள சுருக்குத் தசைக்கு வேலை குறைந்துபோயிருந்தது. இப்போது முழுப் பொறுப்பும் அதன்மேல் விழுகிறது. பெரும்பாலோருக்கு 3 மாதத்துக்குள் சரியாகிவிடும். மிகச் சிலருக்கே நிலைத்து நிற்கும்.

கசிவைக் கண்டு கூசியவர்கள் செய்யும் முதல் காரியம் தண்ணீரைக் குறைப்பது. இதுதான் மிகவும் கெடுதல். சிறுநீர் அடர்ந்தால் எரிச்சல் கூடும், இரத்தம் கட்டியாகும், கிருமி தங்கும். பகலில் 2 முதல் 2.5 லிட்டர் குடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வியர்க்க வியர்க்க நிற்பவருக்கு இது போதாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே நல்ல அளவுகோல். இதயத் தளர்ச்சியோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவுதான். இரவு உணவுக்குப் பின் குறைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது. குறைக்க வேண்டியது டீயை. ஒரு ஷிப்டில் ஆறேழு டீ குடிக்கும் பழக்கம் சிறுநீர்ப்பையைத் தூண்டி அவசரத்தைக் கூட்டும்.

சுருக்குத் தசைக்குப் பயிற்சி உண்டு. பாதியில் சிறுநீரை நிறுத்தவும், காற்றுப் பிரியாமல் அடக்கவும் இறுக்கும் தசைகளே இடுப்புத் தளத் தசைகள். அவற்றை 5 விநாடி இறுக்கி, 5 விநாடி தளர்த்தி, 10 முறை செய்வது ஒரு சுற்று. நாளுக்கு 3 சுற்று. மூச்சைப் பிடிக்கக்கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக்கூடாது. சிறுநீர் கழிக்கும்போதே இதைச் செய்து பழகுவது நல்லதன்று. அறுவைக்கு முன்பே கற்றுக்கொண்டு, குழாயை எடுத்த பின் தொடர்வது மேல். அதுவரை உறிஞ்சு பஞ்சு வைத்துக்கொள்ளலாம். மருந்துக்கடையில் அதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

தாம்பத்தியம்

மருத்துவர்கள் அவசரத்தில் சொல்லாமல் விடுவதும், நோயாளிகள் கேட்காமல் விடுவதும் இதைத்தான். சுரப்பியின் உட்பகுதியை எடுக்கும்போது, விந்து பின்னோக்கிச் செல்லாமல் தடுத்த அமைப்பும் தளர்கிறது. ஹோலெப் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் சென்று, பின் சிறுநீரோடு கழிகிறது. இதனால் உடலுக்குக் கெடுதல் இல்லை. விறைப்புத் தன்மை பொதுவாகக் குறைவதில்லை. பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருப்பவர் மட்டும் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். உறவை 4 முதல் 6 வாரம் தள்ளிவைப்பது வழக்கம். மனைவிக்கும் இதைச் சொல்லியிருந்தால் வீண் சந்தேகங்கள் எழா.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

சிறுநீர் அடியோடு நின்று அடிவயிறு உப்புவது. தக்காளிச் சாறுபோல் கெட்டியாகவோ கட்டிகளாகவோ இரத்தம் வருவது. குளிர் நடுக்கத்தோடு 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல்; விதைப்பை வீங்கி வலிப்பது; ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சுத் திணறுவது. இவற்றில் எதற்கும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அறுவை செய்த மருத்துவமனை தொலைவில் இருந்தால் முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ 108க்கோ செல்வதே சரி. அறுவைச் சுருக்கச் சீட்டைக் கையோடு கொண்டுசென்றால், என்ன செய்யப்பட்டது என்று அங்குள்ளவர்களுக்கு உடனே தெரியும்.

மாதங்கள் கழித்து

எடுத்த திசுவின் ஆய்வு முடிவை மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும். பெருக்கத்துக்காக எடுத்த திசுவில் சில நேரம் புற்றுநோய் அணுக்கள் தெரியவருவது உண்டு. சில மாதங்களில் சிறுநீர் மீண்டும் நூலாக மெலிந்தால், குழாயிலோ சிறுநீர்ப்பையின் வாயிலோ தழும்பு சுருங்கியிருக்கலாம். அதைச் சரிசெய்யச் சிறிய சிகிச்சை போதும். இரவில் எழுவது முழுவதும் நிற்காமல் ஒருமுறை, இருமுறை என்று மிச்சமிருப்பது வயதில் இயல்பு. சர்க்கரை நோயும் அதற்குக் காரணமாகலாம்.

லேசர் எடுப்பது சுளையைத்தான், தோல் அங்கேயே இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது அந்த வெளிப்பகுதியில். ஆகவே பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை தேவையா, எத்தனை நாளுக்கொருமுறை என்று மருத்துவரிடம் கேட்டுத் தொடர வேண்டும். ஹோலெப் செய்தவர்களுக்கு இந்த எண் வெகுவாக இறங்கிவிடும். எனவே சில மாதம் கழித்து எடுக்கும் முதல் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு அதிலிருந்து ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வகச் சீட்டில் அச்சிட்டிருக்கும் 4 என்ற வரம்பு இவர்களுக்குப் பொருந்தாது.