வரிசைத் தெரிவும் வீரனின் உழைப்பும்

ஊரொன்றின் பெயரைத் தாங்கும் விளையாட்டணி அவ்வூரிலிருந்தே முகிழ்த்ததாகக் கொள்ளப்படுவது வழக்கம். லங்கா பிறீமியர் லீக் கிரிக்கெட்டில் யாழ்ப்பாண அணி ஈட்டிய வெற்றிகளை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தம் வெற்றிகளாகக் கொண்டாடியோர் பலர். ஆயின், இத்தகைய அணிகள் எவ்வாறு உருவாக்கப்படுகின்றன? இவ்வினாவுக்கு விடைகாண, ‘டிராஃப்ட்’ எனப்படும் வரிசைத் தெரிவு தோன்றிய சூழலை முதலில் நோக்குதல் வேண்டும்.

இம்முறை அமெரிக்கத் தொழின்முறை உதைபந்தாட்டத்தில் உருவாகியது. 1930களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில், செல்வமிக்க அணிகள் சிறந்த பல்கலைக்கழக வீரர்களைக் கூடிய ஊதியம் வழங்கி ஈர்த்தன. பிலடெல்பியா அணியின் உரிமையாளர் பேர்ட் பெல் 1935இல் மாற்றுத் திட்டமொன்றை முன்வைத்தார். அதன்படி, முந்திய பருவத்தில் கடைநிலையுற்ற அணி முதலில் தெரிவுசெய்யும். முதன்மை பெற்ற அணி இறுதியில் தெரிவுசெய்யும். 1936இல் முதற்றெரிவு நடைபெற்றது. இன்று 32 அணிகள் 7 சுற்றுகளில் வீரரைத் தெரிவுசெய்கின்றன. தெரிவுசெய்யும் முறையே பண்டமாகிவிட்டது. வருங்கால ஆண்டின் முறையைக் கொடுத்து இன்றைய வீரனைப் பெறும் அணிகளும் உண்டு.

இங்கு சமத்துவம் நிலவுவது உண்மையே. ஆனால் அது உரிமையாளர்க்கிடையிலான சமத்துவமாகும். தன் உழைப்பை விற்க வரும் இளைஞன் முன் ஒரேயொரு கொள்வனவாளரே நிற்கிறார். எனவே பேரம்பேசும் ஆற்றல் குன்றுகிறது. 1936இல் முதலாவதாகத் தெரிவான ஜே பேர்வாங்கர், ஊதியத்தில் உடன்பாடு ஏற்படாமையால் தொழின்முறை ஆட்டத்தில் இறங்கவேயில்லை. ஆடாதிருக்கும் சுதந்திரமே அவருக்கு எஞ்சியிருந்தது. 1976இல் வீரரொருவர் தொடுத்த வழக்கில், அன்றைய தெரிவுமுறை சட்டவிரோதமானதென அமெரிக்க நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. 1977இல் வீரர் சங்கத்துடன் செய்யப்பட்ட கூட்டு உடன்படிக்கையின் மூலமே அம்முறை நிலைபெற்றது.

இலங்கையில், 2020இல் தொடங்கிய லங்கா பிறீமியர் லீக்கின் ஐந்து அணிகளும் இத்தகைய தெரிவினூடாகவே அமைந்தன. வீரரின் தரவகைக்கேற்ப விலை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது. 2023இல் இதனிடத்தை ஏலம் பெற்றது. ஏலத்தில் விலை உயரக்கூடும். எனினும் எவ்வணிக்கு ஆடுவது என்பதை இரு முறைகளிலும் வீரன் தீர்மானிப்பதில்லை.

யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் அவ்வூர் அணிக்காக ஆடினார்; 2024இல் இந்தியன் பிறீமியர் லீக்கில் ஐதராபாத் அணியிலும் இடம்பெற்றார். தெரிவுமேசை அத்தகைய வீரரை உருவாக்குவதில்லை; பாடசாலை மைதானமும் பயிற்றுநரின் உழைப்புமே உருவாக்குகின்றன. அணியின் பெயரில் பெருமைகொள்ளும் நாம், அம்மைதானங்களின் நிலையையும் வீரரின் ஒப்பந்த உரிமைகளையும் குறித்து வினவுதல் கடனாகும்.