புராஸ்டேட் கதிர்வீச்சு நாட்களில் உணவு, வாயு, நோயாளியின் உரிமை

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலின் முன்சுவரை ஒட்டினாற்போல் அமைந்திருக்கிறது. மலக்குடலில் வாயுவோ மலமோ நிறைந்தால் சுரப்பி முன்பக்கம் தள்ளப்படும். அந்த வாயுவோ மலமோ வெளியேறியதும் சுரப்பி பழைய இடத்துக்குத் திரும்பும். இந்த நகர்வு பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான் என்றாலும், சில நாட்களில் ஒரு சென்டிமீட்டரை எட்டிவிடும். கதிர் பாயும் எல்லையைச் சுரப்பியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கூடுதல் இடம் விட்டே பொதுவாக வகுக்கிறார்கள். அதனால் வாயு இங்கே வெறும் வயிற்று உபத்திரவம் அல்ல. கட்டியின் ஒரு பகுதிக்குக் கதிர் போதாமல் போகலாம். மலக்குடல் சுவருக்கு வேண்டாத கதிர் கூடுதலாகப் போய்ச் சேரலாம்.

இதில் மிக முக்கியமான நாள், சிகிச்சை தொடங்கும் முன் திட்ட ஸ்கேன் எடுக்கும் நாள். முழுச் சிகிச்சையும் அந்தப் படத்தை வைத்தே வகுக்கப்படுகிறது. அன்று மலக்குடல் உப்பியிருந்தால், இல்லாத இடத்தில் சுரப்பி இருப்பதாகக் கணக்கு போட்டதாகிவிடும். அந்தப் பிழை ஒவ்வொரு அமர்விலும் தொடரும். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் இருந்து 2005இல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் காட்டியது: தினசரிப் படச் சரிபார்ப்பு இல்லாமல் சிகிச்சை பெற்றவர்களில், திட்ட ஸ்கேனில் மலக்குடல் விரிந்திருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. இன்று பல மருத்துவமனைகளில் கதிர் வைக்கும் முன் தினமும் படம் எடுத்து இடத்தைச் சரிபார்க்கிறார்கள். ஆபத்து அதனால் வெகுவாகக் குறைந்திருக்கிறது, முற்றிலும் நீங்கிவிடவில்லை. முன்பு ஏழெட்டு வாரங்களில் 37 முதல் 39 அமர்வுகள் வரை தரப்பட்ட சிகிச்சை, இப்போது பலருக்கு 20 அமர்வுகளிலும் சிலருக்கு ஐந்தே அமர்வுகளிலும் முடிகிறது. எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு அமர்வின் துல்லியமும் கூடுதல் எடை பெறுகிறது.

வாயு இரண்டு வழிகளில் சேர்கிறது. விழுங்கும் காற்று ஒன்று: அவசரமாகச் சாப்பிடுவது, சாப்பிட்டுக்கொண்டே பேசுவது, பீடி சிகரெட், சூயிங்கம். செரிக்காத மாவுச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்வது மற்றொன்று. மொச்சை, கொண்டைக்கடலை, காராமணி, ராஜ்மா இந்த வகையில் முதலிடம் பெறுபவை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பச்சை வெங்காயம், அதிக அளவில் பூண்டு, பலாப்பழம் ஆகியவையும் பலருக்கு வாயுவைக் கூட்டும். வயது ஏற ஏறப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் நம்மில் பலருக்குக் குறைகிறது. ஒரு டம்ளர் பால் உப்புசம் தருமானால், அதே ஆளுக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்வது சகஜம். "கேஸ் போகட்டும்" என்று சோடா குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த வாரங்களிலாவது அதை நிறுத்த வேண்டும். அது காற்றை உள்ளே ஏற்றவே செய்கிறது.

இதற்காகச் சாம்பாரையே விட வேண்டியதில்லை. பருப்பை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்தால் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கு போய்விடும். துவரம்பருப்பைவிடப் பாசிப்பருப்பு பலருக்கு இலேசாக இருக்கும். இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, ரசம், மோர், பீர்க்கங்காய், புடலங்காய், சுரைக்காய், முட்டை, குழம்பில் வெந்த மீன் ஆகியவை பெரும்பாலோருக்குத் தொந்தரவு தராதவை. பெருங்காயம், சீரகம், ஓமம் சமையலில் சேரும் அளவில் கெடுதல் செய்யாது. ஆனால் அவை சுரப்பியின் நகர்வைக் குறைக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

உணவைவிட மருந்துப் பெட்டியே காரணமாக இருக்கும் நேரமும் உண்டு. சர்க்கரை நோய்க்குப் பரவலாகத் தரப்படும் வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகள் மாவுச்சத்தின் செரிமானத்தைத் தடுத்து வேலை செய்பவை; வாயு அவற்றின் தெரிந்த பக்கவிளைவு. மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் லாக்டுலோஸ் சிரப் குடலில் நொதித்து வாயுவாகும். இவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. திட்ட ஸ்கேனுக்கு முன்பே மாத்திரைப் பட்டியல் முழுவதையும் கதிர்வீச்சு மருத்துவரிடம் காட்டினால் மாற்று மருந்து கிடைக்கும். விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, நாட்டு மருந்துப் பொடிகள் ஆகியவற்றையும் கேட்காமல் எடுக்கலாகாது.

உணவுக் கட்டுப்பாட்டின் பலனை மிகைப்படுத்துவதும் தவறு. கரையாத நார்ச்சத்தையும் லாக்டோஸையும் குறைக்கச் சொல்லி ஸ்வீடனில் நடந்த ஆய்வில், குடல் தொந்தரவுகள் குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறையவில்லை. மெக்னீசியம் ஆக்சைடு கொடுத்து நெதர்லாந்தில் நடந்த சோதனையிலும் சுரப்பியின் நகர்வு குறையவில்லை. ஆகவே பட்டினி கிடப்பதோ, பத்தியம் என்ற பெயரில் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வதோ தேவையற்றது. எடை குறைந்து சோர்வு கூடும். திட்ட ஸ்கேனுக்குச் சில நாட்கள் முன்பு தொடங்கிக் கடைசி அமர்வு வரை ஏறக்குறைய ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே நேரத்தில் மலம் கழிக்கும் பழக்கம், சாப்பிட்டபின் சற்று நடை ஆகியவையே நடைமுறையில் உதவுபவை. கல்யாண வீட்டு விருந்தைக்கூட அந்த வாரத்தின் கடைசி அமர்வுக்குப் பின் வைத்துக்கொள்வது நல்லது.

சிறுநீர்ப்பைக்கு வேறு கணக்கு. அது ஓரளவு நிறைந்திருந்தால் சிறுகுடலும் சிறுநீர்ப்பையின் மேற்பகுதியும் கதிரின் பாதையிலிருந்து விலகும். சிறுநீர் கழித்துவிட்டு, சொன்ன அளவு தண்ணீர் குடித்து, சொன்ன நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். அளவும் நேரமும் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். இரவில் அடிக்கடி எழ வேண்டியிருக்கிறதே என்று பகல் முழுவதும் தண்ணீரைக் குறைப்பவர்களுக்கு அமர்வு நேரத்தில் சிறுநீர்ப்பை நிறையாமல் போகும்.

பொதுவாக இரண்டாம் மூன்றாம் வாரத்தில் மலம் இளகுதல், அடக்க முடியாத அவசரம், சளி போதல், ஆசனவாய் எரிச்சல் தொடங்கலாம். அப்போது காரம், எண்ணெய்ப் பலகாரம், காபி, கீரைத்தண்டு, முழுதானியம் ஆகியவற்றைக் குறைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலும் இளநீரும் கூட்டலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீருக்கு மருத்துவரைக் கேட்க வேண்டும். காய்ச்சல், நிற்காத பேதி, சிறுநீர் அடைப்பு, இரத்தம் என்றால் அடுத்த அமர்வு வரை காத்திருக்காமல் அன்றே சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு இந்தத் தொந்தரவுகள் சிகிச்சை முடிந்து சில வாரங்களில் அடங்கும். மாதங்கள், சில வருடங்கள் கழித்து மலத்தில் இரத்தம் தெரிவதும் உண்டு. அதற்குப் பரிசோதனை அவசியம். ஆனால் குடல்நோக்கிப் பரிசோதனை செய்பவரிடம் புராஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு பெற்றதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதிர்பட்ட மலக்குடல் முன்சுவரில் தேவையின்றிச் சதை எடுத்துச் சோதித்தால் ஆறாத புண்ணும், சிறுநீர்ப்பாதைக்கு ஓட்டையும் விழும் ஆபத்து உண்டு.

கூட்டம் அதிகமுள்ள மருத்துவமனைகளில் இந்த விளக்கமெல்லாம் இரண்டு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. அதை நோயாளி ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. எத்தனை அமர்வு, தினமும் படம் எடுப்பார்களா, தண்ணீர் எவ்வளவு, எந்த மருந்து என்பதையெல்லாம் தமிழில் எழுதித் தரக் கேட்கலாம். திட்ட ஸ்கேன் அன்று வயிறு உப்பியிருந்தால் உடனே சொல்லி, வாயு நீங்கியபின் மறுபடி எடுக்கக் கோரலாம். அமர்வு நாளிலும் அப்படியே. மேசையிலிருந்து இறங்கி கழிவறைக்குப் போய்வரச் சொல்வது வழக்கமான நடைமுறைதான். வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டு படுத்திருப்பது தமக்கே தீங்கு.

மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதி. எவ்வளவு கதிர் எந்த இடத்துக்குப் போனது என்ற சுருக்கக் குறிப்பைச் சிகிச்சை முடிந்ததும் வாங்கி வைத்தால், பின்னாளில் இரத்தப்போக்கு வரும்போது வேறு மருத்துவருக்கும் பயன்படும். கட்டணம் பெற்ற மருத்துவமனையின் சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். தனியார் காப்பீட்டு நிறுவனம் நியாயமின்றிக் கோரிக்கையை மறுத்தால், முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் செய்து, தீர்வு கிடைக்காதபோது சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சையும் அடக்கம். சேர்க்கையின்போதே அட்டையைக் காட்ட வேண்டும். சிகிச்சைக்காக ரயிலில் வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் முழுக் கட்டணச் சலுகையும், உடன் வரும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. இதற்குரிய படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும் பெற்று, பயணச்சீட்டு எடுக்கும்போது கொடுக்க வேண்டும்.