ஓடிப்போனால் அதுவும் மனநோய்

1851இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், புதிய மனநோய் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். அதற்கு ‘டிராப்டோமேனியா’ என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் ஓடிப்போன அடிமையைக் குறிக்கும் சொல்லோடு, பித்து என்று பொருள்படும் ‘மேனியா’வைச் சேர்த்து உருவாக்கிய பெயர் இது. பண்ணையிலிருந்து தப்பி ஓடும் கறுப்பின அடிமைக்கு இந்த நோய் பிடித்திருக்கிறதாம். அடிமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மனக்குறையோடு திரிந்தால் அதுதான் அறிகுறி. அப்போதே சவுக்கால் அடித்துவிட்டால் நோய் முற்றாது என்றும் எழுதினார்.

வேலையை மெதுவாகச் செய்கிறவர்களுக்கும், கருவிகளை உடைத்துப் போடுகிறவர்களுக்கும் அவர் இன்னொரு நோயின் பெயரைச் சூட்டினார். உடம்பெல்லாம் எண்ணெய் தடவி, அகலமான தோல்வாரால் அடித்து அந்த எண்ணெயை ஊறவைத்து, பிறகு வெயிலில் கடுமையாக வேலை வாங்க வேண்டும் என்பது அதற்கான சிகிச்சை. கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குக் கொடுத்த சவுக்கடியையும் சாணிப்பாலையும் அறிந்தவர்களுக்கு இந்த வைத்தியம் புதிதாக இருக்காது. நம் பண்ணையார்கள் கிரேக்க மொழியில் பெயர் தேடவில்லை, அவ்வளவுதான். ‘திமிர்’ என்ற ஒரே சொல்லே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இதை ஒரு தனி மனிதரின் கோணல் புத்தி என்று தள்ளிவிட முடியாது. அதற்கு முன்பே அரசாங்கத்தின் புள்ளிவிவரமும் இதே வேலையைச் செய்திருந்தது. 1840ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கின்படி, தெற்கே அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவரைவிட, வடக்கே சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவரிடம் மனநோய் சுமார் பத்து மடங்கு அதிகம். அடிமைமுறையை ஆதரித்த வெளியுறவு அமைச்சர் ஜான் கால்ஹூன் 1844இல் இந்தக் கணக்கைக் கையில் எடுத்தார். விடுதலை கொடுத்தால் இவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும், ஆகவே அடிமைமுறை இவர்களுக்கே நல்லது என்று வாதிட்டார்.

மாசசூசெட்ஸ் மருத்துவர் எட்வர்ட் ஜார்விஸ் அந்தப் பட்டியலை ஊர் ஊராகச் சரிபார்த்தபோது குட்டு உடைந்தது. கறுப்பினத்தவர் ஒருவர்கூட வசிக்காத ஊர்களில் கறுப்பின மனநோயாளிகள் இருப்பதாகப் பதிவாகியிருந்தது. வூஸ்டர் நகர மனநல மருத்துவமனையில் இருந்த 133 வெள்ளையர்களைக் கறுப்பினத்தவருக்கான பத்தியில் ஏற்றியிருந்தார்கள். கறுப்பின மருத்துவர் ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித்தும் கணக்கைக் கணக்காலேயே எதிர்கொண்டு எழுதினார். நியூயார்க்கில் அடிமையாகப் பிறந்தவர் அவர். அமெரிக்கக் கல்லூரிகள் இடம் தராததால் கப்பலேறிப் போய், 1837இல் கிளாஸ்கோவில் மருத்துவப் பட்டம் பெற்றார். அமெரிக்க அரசு அந்தக் கணக்கைக் கடைசிவரை திருத்தவில்லை. மாணவர்கள் மெக்கூன் ஸ்மித்தைப் பற்றித் தேடிப் படிக்க வேண்டும்.

நூறாண்டு கழித்து அடிமைமுறை போய்விட்டது, ஆனால் பார்வை போகவில்லை. சிவில் உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த 1968இல் இரண்டு மனநல மருத்துவர்கள், கறுப்பின ஆண்களின் கோபத்துக்குப் ‘போராட்ட மனப்பிறழ்வு’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார்கள். 1970களில் ஹால்டால் என்ற மாத்திரைக்கு வந்த விளம்பரத்தில், முஷ்டியை உயர்த்தி நிற்கும் ஒரு கறுப்பின மனிதரை வரைந்திருந்தார்கள். மிச்சிகன் மாநிலத்தின் ஐயோனியா மருத்துவமனைக் கோப்புகளை ஆராய்ந்த ஜொனாதன் மெட்சில் என்ற மனநல மருத்துவர், அந்த ஆண்டுகளில் மனச்சிதைவு எப்படிக் கறுப்பின ஆண்களின் நோயாக மாற்றப்பட்டது என்பதை விரிவாக எழுதியிருக்கிறார்.

பாதிப்பு இத்தோடு நிற்கவில்லை. உண்மையாகவே நோய் வந்தவருக்குச் சரியான சிகிச்சை கிடைக்காமல் போகிறது. மனச்சோர்வோடு வரும் கறுப்பின நோயாளிக்கு மனச்சிதைவு என்று தவறாக முத்திரை குத்துவது இன்றும் நடப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பிரிட்டனில் கட்டாயமாக மனநல மருத்துவமனைகளில் அடைக்கப்படும் விகிதம் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடையே பல மடங்கு அதிகம். அங்கே 1998இல் டேவிட் பென்னட் என்ற கறுப்பின நோயாளி, ஊழியர்கள் பலர் சேர்ந்து தரையில் அமுக்கிப் பிடித்திருந்தபோது உயிரிழந்தார். விசாரணைக் குழு அந்நாட்டு மருத்துவத் துறைக்குள்ளேயே இனவெறி ஊறிக்கிடப்பதாகச் சொன்னது. இப்படிப்பட்ட இடத்துக்கு யார் தானாக நடந்து போவார்கள்? பயந்து தள்ளிப்போடுகிறார்கள். நோய் முற்றியபின் போலீஸ் வண்டியில் போய் இறங்குகிறார்கள். அதைப் பார்த்து, ‘இவர்கள் இப்படித்தான்’ என்கிறது ஊர்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்த வரலாற்றில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது 2021 ஜனவரியில்தான்.

இதையெல்லாம் நம் பக்கத்தில் எதற்குச் சொல்கிறேன் என்றால், இங்கேயும் இதே இரண்டு தவறும் நடக்கின்றன. வகுப்பறையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட மாணவன் பள்ளிக்குப் போக மறுத்தால், ‘பையனுக்கு மனசு சரியில்லை, கவுன்சலிங் கொடுங்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள். கவுன்சலிங் கொடுக்கட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இழிவுபடுத்தியவர் மீது புகார் எங்கே? அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மாணவன் ஆலோசகரிடம் போய்விட்டதால் அந்தக் குற்றம் இல்லாமல் போய்விடாது.

மறுபக்கம், சேரியில் ஒரு பெண் மாதக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல் கிடந்தால் வீட்டிலேயே மறைக்கிறோம். ஏற்கெனவே ஒதுக்கிவைத்திருக்கும் ஊரில் இதுவும் தெரிந்தால் என்ன ஆகும், தங்கைக்குக் கல்யாணம் நடக்குமா என்ற பயம். குடித்துக் குடித்து அழியும் ஆணைக் குடிகாரன் என்றுதான் பார்க்கிறோம். அவன் மனச்சோர்வில் இருக்கலாம் என்று வீட்டாருக்கும் தோன்றுவதில்லை, பல நேரம் மருத்துவருக்கும் தோன்றுவதில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த இரண்டுக்குமே இடம் வைத்திருக்கிறது. ஒருவருடைய சமூக நிலையையோ, பொருளாதார நிலையையோ, அவர் ஊர்வழக்கத்துக்கு ஒத்துப்போகாததையோ வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுசெய்யக் கூடாது என்கிறது 3ஆவது பிரிவு. 18ஆவது பிரிவு மனநல சிகிச்சையை உரிமையாக்குகிறது. அந்தச் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் பட்டியலில் ‘சாதி’ என்ற சொல் வெளிப்படையாகவே இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.