‘சும்மா இருப்பவள்’: இரண்டு குறியீட்டெண்களின் அரசியல்

கருத்துக்குத்தான் பக்கச்சார்பு உண்டு, எண்ணுக்குக் கிடையாது என்கிற நம்பிக்கை நம் தோழர்களிடமும் கெட்டியாகவே இருக்கிறது. ‘டேட்டா என்ன சொல்லுது?’ என்று யாராவது கேட்டுவிட்டால் கூட்டத்தில் பேச்சு அடங்கிவிடுகிறது. டேட்டா தானாக எதையும் சொல்வதில்லை. யாரோ கேட்டதற்கு யாரோ சொன்ன பதில் அது.

தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புகளில் 92, 93 என இரு குறியீட்டெண்கள். வீட்டுவேலை மட்டும் செய்பவர் 92. அதோடு விறகு பொறுக்கி, மாட்டுக்குத் தீவனம் சேர்த்து, வீட்டாருக்குத் துணியும் தைப்பவர் 93. இருவருமே உழைப்புப் படைக்கு வெளியே. (‘படை’ என்கிற சொல்லைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.) இது தெரியாமல் நேர்ந்த விடுபடல் அல்ல. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்த சுற்றுகளில் நெல் குத்துவது, வறட்டி தட்டுவது, தண்ணீர் சுமப்பது பற்றியெல்லாம் இப்பெண்களிடம் தனியே கேட்டு அட்டவணையும் போட்டார்கள். கேட்ட பிறகும் வெளியேதான் நிறுத்தினார்கள். ஆக, பக்கச்சார்பு பொய்க்கணக்கில் இல்லை, வரையறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் வற்புறுத்தியதன் பேரில், வேலை பற்றிய கேள்வியோடு ‘குடும்ப நிலத்திலோ தொழிலிலோ ஊதியமின்றிச் செய்த வேலை உட்பட’ என்கிற பொருளில் ஒரு தொடர் சேர்ந்தது. ஒரு தொடருக்கு இவ்வளவு பாடு! வந்தவர் அதை வாய்விட்டுப் படிக்காவிட்டால் அது காகிதத்தோடு சரி. படித்தாலும், திண்ணையில் இருக்கிற ஆம்பிளையிடம் படித்தால்? களைபறித்துவிட்டு அப்போதுதான் வந்து நிற்பவளைக் காட்டி, ‘அவ வீட்ல சும்மாதாங்க இருக்கா’ என்பார். அவளைக் கேட்டாலும் பல நேரம் இதே பதில்தான். ஆதிக்கச் சொல்லாடல் அவள் நாக்கிலும் குடியேறியிருக்கிறது.

கேள்வியை மாற்றினால் பதில் மாறுகிறது. 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வு ‘வேலை செய்கிறீர்களா’ என்பதோடு நிற்காமல், ஒருநாள் முழுக்க அரைமணி அரைமணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டது. ஊதியமில்லா வீட்டுப்பணியில் ஈடுபட்ட பெண்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்களுக்கு 97.

நம் உண்மையறியும் குழு அறிக்கைகள் பலவும் ஊர்ப் பெரியவரின் திண்ணையிலிருந்துதான் தொடங்குகின்றன. எண்ணைப் போடும்போது கேள்வியின் வாசகத்தையும், யார் பதில் சொன்னார், அப்போது பக்கத்தில் யார் நின்றார் என்பதையும் போடச் சொல்லி நான் நச்சரிப்பது இதனால்தான். பக்கம் போதாது என்கிறார்கள். இரண்டு வரி போதும், தோழர்.