முழங்கை முறிவுக்கு இறுக்கிக் கட்டுவது ஆகாது

நத்தம் பக்கம் மாமரத்திலிருந்து விழுந்தாலும், திண்டுக்கல் தெருவில் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் பிள்ளைகள் பெரும்பாலும் கையை ஊன்றித்தான் விழுகிறார்கள். விழுந்த வேகம் முழங்கைக்குச் சற்று மேலே, எலும்பு தகடுபோல மெலிந்திருக்கும் இடத்தில் போய் இறங்குகிறது. குழந்தைகளுக்கு வரும் முழங்கை முறிவுகளில் இதுதான் அதிகம். ஐந்து முதல் ஏழு வயதில் மிகுதி. வீங்கிய கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல குடும்பங்கள் முதலில் போவது கட்டுப் போடுபவரிடம். பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவது இந்த முறிவுக்கு ஆகவே ஆகாது. எலும்பு நன்றாக விலகியிருந்தால் கம்பி வைப்பதே பாதுகாப்பான வழி.

காரணம் அந்த இடத்தின் அமைப்பில் இருக்கிறது. முழங்கைக்குக் கீழே ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி முறிவுக்கு முன்னால்தான் ஓடுகிறது. நரம்புகளும் ஒட்டியே செல்கின்றன. விலகிய எலும்பின் கூர்முனை அவற்றை அழுத்தலாம், குத்தலாம். முதல் இரண்டு நாள் வீக்கம் ஏறிக்கொண்டே போகும். அப்போது கட்டு இறுக்கமாக இருந்தால் தசைக்கு ரத்தம் போவது நின்றுவிடும். சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். பிறகு விரல்கள் மடங்கி, விறைத்து, நிமிராமலே போய்விடும். ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881-லேயே இதை விவரித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டிலும் இது நடக்கலாம். ஆகவே யார் கட்டியிருந்தாலும் பெற்றோர் கவனிக்க வேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். மருந்து கொடுத்தும் வலி ஏறுகிறது, விரலை மெல்ல நிமிர்த்தினாலே பிள்ளை அலறுகிறது, விரல் மரத்தோ வெளுத்தோ இருக்கிறது என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. கட்டை உடனே தளர்த்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

'எங்கள் வீட்டில் எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டே சேர்ந்தது' என்பார்கள். விலகாத முறிவு எந்தக் கட்டிலும் சேரும். அதற்கு மூன்று வாரம் மாவுக்கட்டே போதும். விலகியதா இல்லையா என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும், தடவிப் பார்ப்பது சொல்லாது. 'பிள்ளை எலும்புதானே, வளர வளரச் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையும் இங்கே பலிக்காது. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தோள் பக்கம் நடக்கிறது. முழங்கைப் பக்கம் ஒரு பங்குதான். கோணலாகச் சேர்ந்த முழங்கை கோணலாகவே நின்றுவிடும். நேராக்க எலும்பை வெட்டும் பெரிய அறுவை தேவைப்படும்.

'ஆபரேஷன்' என்ற சொல்லே பெற்றோரை மிரட்டுகிறது. ஆனால் பெரும்பாலும் இதில் கத்திக்கே வேலையில்லை. மயக்கம் கொடுத்து, சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியின் திரையில் பார்த்தபடி எலும்பை இழுத்துப் பொருத்தி, மெல்லிய கம்பிகள் இரண்டு மூன்றைத் தோல் வழியாகச் செலுத்துகிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் கம்பியை உருவிவிடலாம். ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது: கம்பி நுழைந்த இடத்தில் சீழ் வைக்கலாம், உள்பக்கமாகச் செலுத்தும் கம்பி அங்குள்ள நரம்பைத் தொடலாம். கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை. சம்மதம் பெறும் முன் விளக்க வேண்டியது மருத்துவரின் கடமை என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கிளம்பும்போது கையை மடக்கவோ நீட்டவோ முயலாமல், இருக்கும் நிலையிலேயே அட்டை வைத்துத் தளர்வாகத் தாங்குங்கள். வழியில் டீ, பிஸ்கட் கொடுக்க வேண்டாம். வயிறு காலியாக இருந்தால்தான் மயக்கம் கொடுப்பது தள்ளிப்போகாது.

பணம் இல்லையென்று கட்டுக்குப் போக வேண்டியதில்லை. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 108 இருக்கிறது. தனியார் மருத்துவமனை என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை செல்லுமா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். அவசர நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை எந்த மருத்துவமனையும் மறுக்கக் கூடாது என்பது 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கு முதல் இருந்துவரும் சட்ட நிலை. கட்டணம் வாங்கிச் செய்த சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். அதற்கு எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, ரசீது எல்லாம் கையில் இருக்க வேண்டும். சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதி. கை சரியாகத்தானே இருக்கிறது என்று அந்த எக்ஸ்ரேயைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். கோணல் இருந்தால் கட்டுப் பிரித்து, முழங்கை முழுதாக நீண்ட பிறகுதான் கண்ணில் படும்.