விளக்கை விடுங்கள், கையைப் பாருங்கள்

'மூன்றே நொடியில் பல் அடைப்பு இறுகிவிடும்' என்று புது நீல விளக்குகளுக்கு விளம்பரம் வருகிறது. நம்பலாமா?

பல் நிற அடைப்புக் கலவையில் கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் பொருள் துளியளவு இருக்கும். 470 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிதான் அதற்குத் தீனி. ஒளியை விழுங்கியதும் பக்கத்திலுள்ள அமீன் என்ற துணைப்பொருளிடம் ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்த அமீன் சும்மா இருக்குமா? கலவையிலுள்ள பிசின் மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்பைத் திறந்து, ஒன்றோடொன்று கோக்கத் தொடங்கிவிடும். பசை கல்லாகும். வேடிக்கை என்னவென்றால், வேலை முடிந்த கேம்ஃபர்குவினோன் தன் மஞ்சளை இழக்கிறது. மேலே வெளுக்க வெளுக்க ஒளி இன்னும் கொஞ்சம் கீழே இறங்குகிறது.

ஆனாலும் வழக்கமான கலவையில் 2 மில்லிமீட்டருக்குக் கீழே நம்ப முடியாது. மொட்டைமாடியில் ஊற்றும் கூழ்வடகம் மாதிரிதான். தடிமனாக ஊற்றினால் மேலே மொறுமொறு, அடியில் பிசுபிசு. தண்ணீர்த் தொட்டி நிழல் விழுந்த ஓரம் காயாது. காக்கைக்குக் காவல் வைத்த பையன் வேறெங்கோ பார்த்தால் அதுவும் போச்சு. வடகத்தையாவது திருப்பிப் போடலாம், அடைப்பை முடியாது. மேலே தட்டினால் கல். அடியில் வேகாதது ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

வரலாறு இவ்வளவுதான்: அமெரிக்கர் ரஃபேல் போவன் இந்தப் பிசினுக்குக் காப்புரிமை பெற்றது 1962-இல். 1970-களில் புற ஊதா விளக்கு, பிறகு நீல ஹாலஜன், இப்போது எல்.இ.டி. விளக்கு மாறினாலும் பிடிப்பது கைதான்.

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில், டல்ஹௌசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் பிரைஸ் குழுவினர் பொம்மைத் தலையின் பற்களில் ஒளி உணரிகளைப் பதித்தார்கள். விளக்கைப் பிடிக்கும்போதே பல்லில் சேரும் ஆற்றல் திரையில் தெரியும். அதே விளக்கு, அதே பல், அதே நேரம்; ஆனால் ஆளுக்கு ஆள் ஆற்றல் வேறு. கண் கூசி முகம் திருப்பினால் கை நழுவும், திரையில் கோடு சரியும். ஆரஞ்சுக் கண்ணாடி போட்டு, பல்லைப் பார்த்தபடி, விளக்கு முனையைச் சாய்க்காமல் ஒட்டிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பிறகு அதே கைகள் தேறின.

இனி கணக்குப் போடுங்கள். 20 நொடியில் ஒரு நொடி நழுவினால் இருபதில் ஒரு பங்கு போகும். 3 நொடியில் நழுவினால் மூன்றில் ஒரு பங்கு. அவசர விளக்குக்குத்தான் நிதானமான கை வேண்டும்; விளம்பரம் அதைச் சொல்லாது. அடுத்த முறை பல் அடைக்கப் போனால் விளக்கின் விலையைக் கேட்காதீர்கள். மருத்துவர் ஆரஞ்சுக் கண்ணாடி போடுகிறாரா என்று மட்டும் பாருங்கள்.